வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஜிப் சாஃப்ட்வேர்? பள்ளத்தூர் வீட்டில் போட்டுப் பார்த்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்புகளைச் சுருக்கி ஒரே கட்டாக்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு செவன்-ஜிப் போதும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, இத்தனை நாளைக்குத்தான் என்ற கெடுவும் கிடையாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அதற்கே உரிய செவன்-இசட் வடிவத்தில் கட்டி ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். உங்களுக்கென்று வைத்துக்கொள்வதை செவன்-இசட்டில் கட்டுங்கள், அடுத்தவருக்குப் போவதை ஜிப்பில் கட்டுங்கள். வின்ரார் என்கிற இன்னொரு சாஃப்ட்வேரும் கெட்டதில்லை. ஒரே ஒரு காரியத்தில் செவன்-ஜிப்பை மிஞ்சும். அந்தக் காரியம் உங்களுக்கு வேண்டுமென்றால் மட்டும் காசு கொடுங்கள்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்றால், செட்டிநாட்டில் எங்கள் பள்ளத்தூர் வீடு பல புள்ளிக்கு, அதாவது பல குடும்பத்துக்கு, பொது. பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். சாவி எங்களிடம். இரண்டாம் கட்டு அறையில் ஐயா காலத்து ரங்கூன் கடைப் பேரேடுகள், ஐந்தொகைகள் (வரவு செலவு முடித்த கணக்குகள்), பத்திரங்கள், பழைய இசைகுடிமானச் சீட்டுகள் (கல்யாண ஒப்பந்தங்கள்), கடிதக் கட்டுகள் எல்லாம் பெட்டகத்தில் கிடக்கின்றன. ஐப்பசி மழையில் ஓட்டில் ஒழுக்கு, மற்ற மாதங்களில் கரையான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும் என்று பெரியத்தான் சென்னையிலிருந்து சொன்னார். எங்கள் வீட்டுச் செட்டியார், அதாவது என் கணவர், ஸ்கேனர் வாங்கிக் கொடுத்ததோடு தம் கடமையை முடித்துக்கொண்டார். மிச்சம் என் பாடு.

ஸ்கேன் செய்வது சுலபம். அதை வைக்க இடம் தேடுவதுதான் வேலை. ஏ4 அளவுத் தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கலரில் எடுத்தால், டிஃப் என்கிற சுருக்காத படக் கோப்பு ஒன்று ஏறக்குறைய 26 எம்பி. அதையே சாம்பல் நிறத்தில் எடுத்தால் 9 எம்பிக்குச் சற்றுக் குறைவு. வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 1 எம்பியை ஒட்டி வரும். பேரேட்டுப் பக்கம் ஏ4-ஐவிடப் பெரியது. மை மங்கிய இடத்தில் தமிழ் எண்ணில் ௫ எது, ௬ எது என்று பார்க்கக் கலர் வேண்டும். ஒரு பேரேட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எதைக் கட்டினால் சுருங்கும், எதைக் கட்டினால் சுருங்காது என்பது. ஜேபெக் படம், எம்பி3 பாட்டு, எம்பி4 வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை ஜிப் செய்வது செக்கில் ஆட்டியெடுத்த பிண்ணாக்கை மறுபடி செக்கில் போடுவது மாதிரி. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தாலே அதிகம். வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் இரண்டும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளேதான். சந்தேகமிருந்தால் ஒரு பிரதி எடுத்து அதன் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே ஃபோல்டர்கள் தெரியும். நன்றாகச் சுருங்குவது சாதா எழுத்துக் கோப்பு, பழைய டேலி டேட்டா, சுருக்காத டிஃப், பிஎம்பி ஆகியவைதான்.

டிஃப்பிலும் ஒரு சங்கதி. கறுப்பு வெள்ளையில் எடுத்த பக்கம் அசந்துபோகும் அளவுக்குச் சுருங்கியது. கலரில் எடுத்த பழுப்புத் தாளோ பாதியாகக்கூடக் குறையவில்லை. தாளின் நார், கறை, ஈரம் பட்ட வளையம் எல்லாம் புள்ளிக்குப் புள்ளி வேறு நிறமாகப் பதிந்துவிடுகின்றன. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்துச் சுருக்குவதுதான் இந்த சாஃப்ட்வேர்களின் வேலை. திரும்பி வருவதே இல்லையென்றால் அதுவும் என்ன செய்யும்? ஆகையால் எந்தச் சாஃப்ட்வேரும் மாயம் பண்ணும் என்று நம்பி வாங்காதீர்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு, ஆனால் நீங்கள் உள்ளே போடுகிற சரக்குதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

முதலில் விண்டோஸிலேயே இருப்பது. ரைட் கிளிக், சென்ட் டு, கம்ப்ரஸ்டு ஃபோல்டர். பத்துப் பதினைந்து பிடிஎஃப்பை ஒரு மெயிலில் சேர்த்து அனுப்ப இதற்கு மேல் எதுவும் வேண்டாம். விண்டோஸ் 11-ல் 2023 பதிப்பிலிருந்து ரார் (வின்ராரின் வடிவம்), செவன்-இசட் கோப்புகளையும் தானே திறக்கிறது. 2024 பதிப்பில் செவன்-இசட்டாகக் கட்டவும் செய்கிறது. ஆனால் வேகம் போதாது, பாஸ்வேர்டு போட்டுக் கட்டவும் வழியில்லை.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வீட்டில் பழைய விண்டோஸ் 7 பெட்டி ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 'ஐந்தொகை' என்று பெயர் வைத்த ஃபோல்டரை விண்டோஸ் வழியாகவே ஜிப் செய்யப் போனால், இந்த எழுத்துகளை ஏற்க முடியாது, பெயரை மாற்று என்று சொல்லிவிடும். வேறு கம்ப்யூட்டரில் கட்டிய ஜிப்பை அதில் திறந்தால் தமிழ்ப் பெயர் எல்லாம் கோடும் புள்ளியுமாக நிற்கும். செவன்-ஜிப்பைப் போட்டுத் திறந்தால் அதே கோப்பு, அதே பெட்டி, தமிழ் அப்படியே வருகிறது. விண்டோஸ் 8-க்குப் பிறகு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எத்தனை வீட்டில் இன்னும் 7 ஓடுகிறது என்று சுற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பெயர்களைச் சேர்த்துக் கூட்டினால் 260 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று விண்டோஸில் ஒரு பழைய வரம்பு. நாம் பேரேடு என்று எழுதினால் கண்ணுக்கு மூன்றெழுத்து. கம்ப்யூட்டர் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணி ஆறு என்று வைத்துக்கொள்ளும். 'பெரிய வீட்டுப் பழைய கணக்குகள்' என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்தால், பிரிக்கிறபோது பாதை நீளம் என்று பாதியில் நின்றுவிடும். செவன்-ஜிப் இந்த நீளத்தையும் சமாளித்துப் பிரித்துத் தருகிறது. இருந்தாலும் நான் இப்போது பெயர்களைச் சுருக்கமாகவே வைக்கிறேன்.

சரி, செவன்-ஜிப்புக்கு வருவோம். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் பாவ்லோவ் என்பவர் 1999-ல் வெளியிட்டது. இன்றும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். டவுன்லோடு செய்தால் 2 எம்பி கூட இல்லை. திறந்தால் விண்டோஸ் 98 காலத்து முகம். பச்சை நிறக் கூட்டல் குறி, நீல நிறக் கழித்தல் குறி, அவ்வளவுதான் அழகு. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை, ஏனென்றால் அந்த ஜன்னலை நான் திறப்பதே அபூர்வம். ரைட் கிளிக்கிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

விண்டோஸ் 11-ல் மட்டும் ஒரு எரிச்சல். ரைட் கிளிக் செய்தவுடன் செவன்-ஜிப் தெரியாது. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால்தான் பழைய பட்டியல் வந்து அதில் இருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் நேரே பழைய பட்டியல் வரும். அதுவும் பிடிக்காதவர்கள் நானாஜிப் போட்டுக்கொள்ளலாம். செவன்-ஜிப்பின் மூலத்தையே எடுத்து விண்டோஸ் 11-க்கு ஏற்றபடி செய்தது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது, இலவசம்.

'ஆட் டு ஆர்க்கைவ்' அழுத்தினால் வருகிற பெட்டியைக் கண்டு மிரள வேண்டாம். பார்க்க வேண்டியது நான்கே இடம். மேலே வடிவம்: செவன்-இசட்டா, ஜிப்பா. அதன் கீழ் சுருக்கும் அளவு: ஸ்டோர் முதல் அல்ட்ரா வரை. அல்ட்ராவைத் தொடாதீர்கள். நார்மலுக்கும் அல்ட்ராவுக்கும் என் டிஃப் கோப்புகளில் வித்தியாசம் அற்பம், நேரமோ பல மடங்கு. மெமரியையும் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்று அந்தப் பெட்டியிலேயே கீழே எழுதிக் காட்டுகிறது, பார்த்துக்கொள்ளலாம். 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் அல்ட்ராவைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்துகிற நாளில் மணிக்கணக்கில் ஓடுகிற வேலையை ஆரம்பிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. ஜேபெக்கை எல்லாம் ஒரே கட்டாகச் சேர்க்க மட்டும் வேண்டுமென்றால் ஸ்டோர் போதும். சுருக்காமல் அடுக்கிவைக்கும், நொடியில் முடியும்.

மூன்றாவது, துண்டு போடுகிற இடம். அதில் 4092எம் - ஃபேட் என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் போட்டவர் நம் வீட்டு பென் டிரைவைப் பார்த்திருக்கிறார். ஃபேட்32 வடிவில் இருக்கிற பென் டிரைவில் 4 ஜிபியை எட்டுகிற ஒற்றைக் கோப்பு ஏறாது. உள்ளே 32 ஜிபி காலியாக இருந்தாலும் இடம் இல்லை என்பது மாதிரி ஏதோ சொல்லித் தள்ளிவிடும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு துண்டு துண்டாகி ஏறிவிடும். ஆனால் துண்டுகளை வாங்குபவரிடமும் செவன்-ஜிப் இருக்க வேண்டும். 001, 002 என்று வருகிற துண்டை விண்டோஸால் திறக்க முடியாது. அதற்குப் பதில் பென் டிரைவையே எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துவிட்டால் துண்டு போடுகிற வேலையே இல்லை. நான் அதைத்தான் செய்கிறேன்.

நான்காவது பாஸ்வேர்டு. பத்திர நகல், நகைப் பட்டியல் எல்லாம் போகிறபோது இது அவசியம். ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டால் பூட்டுவதற்கு இரண்டு வகை காட்டும்: ஜிப்கிரிப்டோ, ஏஇஎஸ்-256. ஜிப்கிரிப்டோ பலவீனமானது என்று 1994-லேயே ஆராய்ச்சிக்காரர்கள் காட்டிவிட்டார்கள். ஏஇஎஸ் பலமானது, ஆனால் விண்டோஸ் 10 தானாக அதைத் திறக்காது. வாங்குபவர் செவன்-ஜிப்போ வின்ராரோ வைத்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கிற கோப்புகளின் பெயர்கள் யாருக்கும் தெரியும். 'வைர நகை லாக்கர் பட்டியல்' என்ற பெயரே போதாதா? செவன்-இசட்டில் 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் பெயரும் மறையும். பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாதீர்கள், போனில் சொல்லுங்கள்.

இனி வின்ரார். ரார் வடிவத்தை உண்டாக்கியவர் யூஜின் ரோஷல், அவரும் ரஷ்யாக்காரர்தான். நாற்பது நாள் இலவசம், அப்புறம் வாங்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் வேலை செய்வதை நிறுத்தாது. உலகமே இந்தத் தாராளத்தை வைத்துத்தான் பல வருடமாக ஓட்டுகிறது. சுருக்குவதில் செவன்-ஜிப்புக்கு ஏறக்குறைய சமம், முகம் கொஞ்சம் தெளிவு. ராரைக் கட்ட இது ஒன்றால்தான் முடியும். செவன்-ஜிப் ராரைத் திறக்கும், கட்டாது, உரிமம் அப்படி.

அது மிஞ்சுகிற காரியம் என்று மேலே சொன்னேனே, அது 'ரெகவரி ரெக்கார்டு'. கட்டும்போதே இத்தனை சதவீதம் என்று கூடுதல் தகவல் சேர்த்து வைக்கும். பிறகு டிஸ்க்கில் ஒரு மூலை கெட்டுப்போனாலும் அந்தக் கூடுதலை வைத்துக் கெட்ட இடத்தைச் சரிசெய்துகொள்ளும். செவன்-இசட்டில் இது கிடையாது. அதுமட்டுமல்ல, செவன்-இசட் வழக்கமாகக் கோப்புகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே சரடாகச் சுருக்குகிறது. அதனால்தான் நன்றாகச் சுருங்குகிறது, அதனாலேயே நடுவில் ஒரு இடம் கெட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற பக்கங்களும் சேர்ந்து போகலாம். பேரேட்டின் மூலத் தாள் கரையான் தின்னக் காத்திருக்கிறபோது இது சின்ன விஷயம் இல்லை. சரியாகச் சொன்னால், என் கணக்கில் வின்ராருக்குக் காசு கொடுக்க இது ஒன்றே காரணம்.

நான் கொடுக்கவில்லை. ஒரு டிஸ்க் பள்ளத்தூரில், இன்னொன்று சென்னையில் பெரியத்தான் வீட்டில். ஒரே டிஸ்க்கில் கெட்ட இடத்தைச் சரிசெய்வதைவிட, இரண்டு ஊரில் இரண்டு பிரதி இருப்பது தேவலை என்பது என் எண்ணம். பெரியத்தானுக்கு இதில் உடன்பாடு இல்லை, அவர் வின்ராரும் வாங்கிக்கொள்கிறார். இரண்டும் இருந்தால் நல்லதுதானே என்கிறார். அதையும் மறுக்க முடியாது.

திருட்டு வின்ராரைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் போட்டுக் கொடுக்கிற கடைகளில் கேட்காமலேயே கிராக் செய்த வின்ராரையும் ஏற்றி அனுப்புகிறார்கள். எங்கள் பெட்டிக்கும் ஒரு கடையில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். பதிப்பு எண்ணைப் பார்த்தால் 5.40. கேட்டதற்கு அந்தப் பையன், "எல்லாருக்கும் இதான் ஆச்சி போடுறோம், ஒண்ணும் ஆகாது" என்றான். ஆகும். ஏஸ் என்கிற பழைய வடிவத்தைத் திறக்கிற பகுதியில் பத்தொன்பது வருடமாக இருந்த ஓட்டை ஒன்றை 2019-ல் செக் பாயிண்ட் என்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்து ஆட்கள் வெளியிட்டார்கள். 5.70-க்கு முந்திய பதிப்பு எல்லாவற்றிலும் அது உண்டு. 2023-லும் 2025-லும் வேறு ஓட்டைகளை வைத்துத் திருடர்கள் ஆட்டம் போட்டார்கள். அவை முறையே 6.23, 7.13 பதிப்புகளில் அடைக்கப்பட்டன. செவன்-ஜிப்பும் விதிவிலக்கில்லை, இன்டர்நெட்டிலிருந்து வந்த கோப்பு என்ற எச்சரிக்கை முத்திரையை அழித்துவிடுகிற ஓட்டை ஒன்று 2024 நவம்பரில் வந்த 24.09-ல்தான் சரியானது. இந்த இரண்டு சாஃப்ட்வேரும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நீங்களே போய்ப் புதியதை இறக்கி மேலே போட வேண்டும். தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கிறபோது இதையும் ஒரு தரம் பார்த்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

இறக்குவதிலும் கவனம். தேடினால் மேலே வருகிற விளம்பரங்களை அழுத்தாதீர்கள். பெரிய பெரிய டவுன்லோடு பட்டனாக இருக்கும், சாஃப்ட்வேரோடு வேண்டாத நாலு சரக்கும் சேர்ந்து வரும். செவன்-ஜிப்புக்கு உரிய தளத்தின் முகவரியில் ஏழுக்கும் ஜிப்புக்கும் நடுவே சின்னக் கோடு உண்டு, முடிவில் டாட் ஓஆர்ஜி.

மற்றவை சுருக்கமாக. வின்ஜிப் 1991 முதல் இருக்கிற பெயர், ஆனால் இலவசமாகக் கிடைப்பதற்கு இன்று காசு கேட்கிறது. ஆபீஸுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், வீட்டுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. பீஜிப் இத்தாலிக்காரர் செய்தது, முழுக்க இலவசம், முகம் அழகு, பட்டன்கள் மட்டும் கொஞ்சம் அதிகம். பாண்டிஜிப் கொரியாவிலிருந்து வருவது. நல்ல வேகம், இலவசப் பதிப்பில் விளம்பரம் காட்டும்.

இப்போது வாங்குகிற பக்கம். பினாங்கில் இருக்கிற கொழுந்தன் எல்லாவற்றையும் போனில்தான் திறப்பார். செவன்-இசட் அனுப்பினால், "என்ன ஆச்சி, இது எதில் திறக்கிறது?" என்று நடுராத்திரியில் மெசேஜ் வரும். ஐபோனில் இருக்கிற ஃபைல்ஸ் ஆப் ஜிப்பைத் தொட்டவுடன் பிரிக்கும். ஆண்ட்ராய்டிலும் சாதா ஜிப்புக்குத் தடையில்லை. மற்ற வடிவங்களுக்கு ராரின் இலவச ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம், ஆனால் வயதானவர்களிடம் போய் இன்னொரு ஆப்பை இறக்கு என்று சொல்கிற சிரமம் உங்களுக்கே தெரியும். ஃபில் காட்ஸ் என்கிற அமெரிக்கர் 1989-ல் ஜிப்பைக் கொண்டுவந்தபோது யாரும் பயன்படுத்தட்டும் என்று அதன் விவரங்களை வெளியிட்டுவிட்டார். அதனால்தான் முப்பது வருடம் கழித்தும் எந்தப் போனிலும் திறக்கிறது.

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக 2 ஜிபி வரை போகும். அதற்கு மேல் கூகுள் டிரைவ். டிரைவிலிருந்து ஒரு ஃபோல்டரை முழுதாக இறக்கினால் கூகுளே அதை ஜிப்பாக்கித் தருகிறது, பெரிதாக இருந்தால் பல ஜிப்புகளாகப் பிரித்தும் தருகிறது. அவை செவன்-ஜிப் துண்டு மாதிரி இல்லை, ஒவ்வொன்றும் தனி ஜிப். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் பிரித்தால் சேர்ந்துகொள்ளும். சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் முதல் ஜிப்பை மட்டும் பிரித்துவிட்டு, பாதிப் பேரேட்டைக் காணோம் என்று கூப்பிட்டார்கள்.

கட்டி முடித்ததும் செவன்-ஜிப் பட்டியலில் 'டெஸ்ட் ஆர்க்கைவ்' என்று இருப்பதை ஒரு தரம் ஓட்டிவிடுங்கள். பிழை இல்லை என்று வந்த பிறகே மூலக் கோப்பை அழிப்பது என் வழக்கம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் என்று போனால் செவன்-ஜிப்பில் தமிழும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த சில வரிகள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. செட்டியாருக்குத் தமிழில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டார், யூடியூபில் சொல்லித்தருகிறவர்கள் சொல்கிற பெயர் இதில் இல்லையாம்.